தேடலில் வராத நாற்பத்தோராயிரம்

வெள்ளிக்கிழமை மாலை டேட்டாபேஸ்காரர் தன் மச்சினனுக்கு எதிரான ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். போடும்போது மனசு உறுத்தவில்லை. மூன்று விதமாகத் தேடி, மூன்று முறையும் திரையில் பூஜ்யம் என்று வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் போட்டார். உள்ளதை உள்ளபடி எழுதினோம், இதில் நமக்கென்ன என்று பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். மெஷின் சொன்னதற்கு மெஷின்தான் பொறுப்பு என்று நினைக்கிற ரகம் அவர்.

அவர் வேலை பார்ப்பது லிஃப்டுகளைப் பராமரிக்கும் கம்பெனியில். ஊரில் எண்ணூறு சொச்சம் லிஃப்டுகள் அவர்கள் கையில். மாதம் ஒருமுறை மெக்கானிக் போய்ப் பார்த்து, என்ன பார்த்தேன், என்ன செய்தேன், எதை மாற்ற வேண்டும் என்று ரிப்போர்ட் எழுத வேண்டும். அந்த ரிப்போர்ட்டுகள் எல்லாம் குவிந்து கிடக்கும் டேட்டாபேஸுக்குப் பதினாறு வருடமாக நம்மவர்தான் காவல். மச்சினன் அதே கம்பெனியில் மெக்கானிக். மனைவியின் தம்பி. கம்பெனி முழுக்க அவனுக்கு 'ரேடியோ' என்று பெயர். காலையில் போட்டால் வீடு திரும்பும்வரை ஓடிக்கொண்டே இருப்பான்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு முதியோர் இல்லத்தில், நான்காவது மாடிக்கு அருகே லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. உள்ளே இருந்த பெரியம்மா விழுந்து மணிக்கட்டு முறிந்தது. கழற்றிப் பார்த்தால், லிஃப்ட் ஓடும் தண்டவாளத்தைச் சுவரோடு பிடித்து நிற்கும் பிராக்கெட் ஒன்று விரிசல் விட்டுப் பிளந்திருந்தது. அந்தக் கட்டடம் யார் பொறுப்பு? ரேடியோ பொறுப்பு. ரேடியோ என்ன சொன்னான்? இந்த விரிசலைப் பற்றி ஆறு வருடத்துக்கு முன்னாலேயே எழுதிக் கொடுத்துவிட்டேன் என்றான். எழுதினாயா, சரி, எங்கே என்று கம்பெனி கேட்டது. அதற்குத்தான் அந்தக் கடிதம். 'நான்காவது மாடி பிராக்கெட் பற்றி இப்படியொரு ரிப்போர்ட் எங்கள் பதிவுகளில் இல்லை.' வியாழக்கிழமை பாதுகாப்புத் துறையின் விசாரணை. இந்தக் கடிதம் நின்றால் ரேடியோவுக்கு வேலை மட்டுமல்ல, மெக்கானிக் லைசென்ஸும் போய்விடும். முப்பத்து நான்கு வயதில் அவனுக்கு வேறு தொழில் தெரியாது.

ரேடியோவின் வாய்தான் அவனுக்கு எதிரி. ஒற்றைக் கையால் மோட்டாரைத் தூக்கினேன் என்பான். இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்ட கல்யாணப் பெண்ணைத் தோளில் ஏற்றி இறக்கினேன் என்பான். அவன் சொல்வதில் பாதியைக் கழித்துவிட்டுக் கேட்பது வீட்டிலும் கம்பெனியிலும் எல்லாருக்கும் பழக்கம். டேட்டாபேஸ்காரரும் வழக்கம்போலக் கழித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் விஷயம் வீட்டில் வெடித்தது. வேலையிலிருந்து நிறுத்திவைத்த நாளிலிருந்து ரேடியோவுக்கு அக்கா வீட்டில்தான் சாப்பாடு. சாப்பிட்டு முடித்து, அக்கா மகளின் மூன்று சக்கர சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துப்போட்டுச் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். அக்கா தட்டுகளை எடுத்துக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, ஆபீஸ்ல ஏதோ லெட்டர் கேட்டாங்கன்னீங்களே, என்னன்னு எழுதுனீங்க?"

"இல்லைன்னு எழுதினேன்."

"என்ன இல்லைன்னு?"

"ரிப்போர்ட் இல்லைன்னு. இல்லை, அதனால இல்லைன்னு எழுதினேன். வேற என்ன எழுதச் சொல்ற?"

தட்டு மேஜையில் திரும்ப உட்கார்ந்தது. "அவன் எழுதினேன்னு சொல்றானே!"

"அவன் என்னென்னமோ சொல்வான்."

ரேடியோ சிரித்தான். கோபித்துக்கொள்ளத் தெரியாத பிறவி. "அது சரிதான் மாமா. நான் சொன்னா எங்க வீட்டுச் சுவர்கூட நம்பாது. ஆனா இது நெஜமா எழுதினேன். அப்பல்லாம் புத்தகம்தானே. 'நாலாவது மாடி, இடது பக்கம், மேலேருந்து ரெண்டாவது பிராக்கெட், முடி மாதிரி விரிசல், மாத்தணும்.' அப்படியே ஞாபகம் இருக்கு. அடுத்த மாசமே என்னை வேற ஏரியாவுக்கு மாத்திட்டாங்க."

"தேடிட்டேன்ப்பா. வரல. வந்தா எனக்கு மட்டும் சந்தோஷம் இல்லையா?"

அக்கா மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். நாள் முழுக்க இருக்கிறதா, இல்லையா என்ற கேள்விதான் அவளுக்கும் பிழைப்பு. இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"எங்க கடையில கம்ப்யூட்டர் இல்லைன்னு சொன்னா, வந்த ஆளை அப்படியே அனுப்பிடுவோமா? போய் அலமாரியப் பாப்போம். பத்துல ரெண்டு தடவை மருந்து அங்க கம்முன்னு உக்காந்திருக்கும். நீங்க அலமாரியப் பாத்தீங்களா?"

"டேட்டாபேஸ்ல அலமாரின்னு ஒண்ணும் கெடையாது."

"பொருள் இருந்தா, அது இருக்கிற எடம்னு ஒண்ணு இருக்கும்ல?"

பதினாறு வருட அனுபவத்தை ஒரு கேள்வியில் கவிழ்த்தால் யாருக்குத்தான் பிடிக்கும்? டேட்டாபேஸ்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். "விடுக்கா, மாமா வேலை மாமாவுக்குத் தெரியாதா?" என்று ரேடியோ அவருக்காகப் பரிந்து பேசியது காதில் விழுந்தது. அது அவரை இன்னும் படுத்தியது. ஏனென்றால் அவர் அலமாரியைப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் ஆபீசில் இருந்தார். அவர் அறை சர்வர் அறைக்கு ஒட்டியது. மெஷின்களுக்காகப் போடும் குளிர் அவர் அறைக்குள்ளும் கசியும். அதனால் நாற்காலியின் முதுகில் வருடம் முழுக்க ஒரு ஸ்வெட்டர் தொங்கும். அதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

அவள் கேட்டது என்னவோ சரியான கேள்விதான். தேடல் பெட்டியில் ஒரு சொல்லைப் போட்டால் மெஷின் ரிப்போர்ட்டுகளைப் படிப்பதில்லை. அத்தனையையும் ஒவ்வொரு தடவையும் படிக்க அதற்கு நேரமில்லை. தடித்த புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று ஒரு பட்டியல் இருக்குமே, அதைப்போல ஒன்றை முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொள்ளும். அதுதான் இண்டெக்ஸ். தேடல் பார்ப்பது அந்தப் பட்டியலை மட்டும்தான். பட்டியலில் இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிடும். புத்தகத்தை யாரும் திறப்பதே கிடையாது.

டேட்டாபேஸ்காரர் புத்தகத்தைத் திறந்தார். பட்டியலை விட்டுவிட்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை ஒவ்வொரு ரிப்போர்ட்டாகப் படித்துப் பார் என்று ஒரு கட்டளை எழுதி ஓடவிட்டார். அரை நொடியில் பதில் சொல்லிப் பழகிய மெஷின் மூச்சு வாங்கியது. அவர் டீ வாங்கி வந்தார். டீ ஆறுவதற்குள் ஒரே ஒரு வரி திரைக்கு வந்தது.

'நாலாவது மாடி. இடது பக்கம். மேலிருந்து ரெண்டாவது பிராக்கெட். முடி மாதிரி விரிசல். மாத்தணும்.'

கீழே முதியோர் இல்லத்தின் பெயர், தேதி, ரேடியோவின் எண்.

மச்சினன் ஒரு சொல்லைக்கூடக் கூட்டிச் சொல்லவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் சொன்னதில் கழிக்க எதுவும் இல்லை.

ஆனால் தொழில்காரர் தொழில்காரர்தான். பதற்றத்தை ஓரமாக வைத்துவிட்டு, ஏன் வரவில்லை என்று ஆற அமரப் பார்க்க ஆரம்பித்தார். 'அது', 'ஒரு' மாதிரியான சில்லறைச் சொற்களைப் பட்டியலில் சேர்க்காதே என்று மெஷினுக்குச் சொல்லி வைத்திருப்பார்கள். ஒருவேளை விரிசலையும் யாராவது சில்லறையில் சேர்த்துவிட்டார்களா? இல்லை. மிகச் சின்னச் சொற்களைத் தள்ளிவிடும் ஒரு அமைப்பு உண்டு. அதுவும் இல்லை, பிராக்கெட் ஒன்றும் சின்னச் சொல் அல்ல. மொழி அமைப்பு சரியாக இருந்தது. பிறகு ரேடியோ அதே வாரம் வேறொரு கட்டடத்தைப் பற்றி எழுதிய எண்ணெய்க் கசிவு ரிப்போர்ட்டை எடுத்தார். அலமாரியில் இருந்தது, தேடலில் வரவில்லை. வேறொரு மெக்கானிக் அதே மாதம் எழுதியதை எடுத்தார். அதுவும் அப்படியே. பட்டியலில் எந்தெந்த ரிப்போர்ட் எண்கள் இருக்கின்றன, எவை இல்லை என்று ஒப்பிட்டுப் பார்த்தார்.

இந்த எண்ணிலிருந்து அந்த எண்வரை, வரிசையாக நாற்பத்தோராயிரத்து முந்நூற்று ஆறு ரிப்போர்ட்டுகள் பட்டியலில் இல்லை. அதற்கு முன்னால் ஒன்றுகூட விடுபடவில்லை. பின்னாலும் இல்லை. எலி கடித்திருந்தால் அங்கங்கே ஓட்டை இருக்கும். இது கத்தரியால் வெட்டியது.

யாருடைய கத்தரி? அந்த நாற்பத்தோராயிரமும் உள்ளே ஏறிய தேதியைப் பார்த்தார். அதற்குமேல் தேட வேண்டியது எதுவும் இல்லாமல் போயிற்று. அந்தத் தேதிக்கு மறுநாள்தான் அவருக்கு மகள் பிறந்தாள்.

கம்பெனி காகிதத்தை விட்டு மாறிய வருடம் அது. அதுவரை ஆபீசிலேயே டைப் அடித்து ஏற்றியது போக, தேங்கிக் கிடந்த மெக்கானிக்குகளின் பழைய ரிப்போர்ட் புத்தகங்களை எல்லாம் வெளியே கொடுத்து டைப் அடித்து வாங்கி, ஒரே மூச்சில் டேட்டாபேஸில் ஏற்றினார்கள். ஏற்ற ஏற்ற இண்டெக்ஸும் கூடவே வளர்ந்தால் வேலை நகராது. அதனால் அதைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு, ஏற்றி முடித்ததும் மறுபடி ஓடவிட்டு, முதலிலிருந்து எல்லாவற்றையும் படித்துக்கொள் என்று சொல்ல வேண்டும். இந்தத் தொழிலில் எல்லாரும் செய்வதுதான். அவர் நிறுத்தினார். ஏற்றினார். ஏற்றி முடிக்கும்போது போன் வந்தது, மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறோம் என்று. போட்டது போட்டபடி ஓடினார்.

பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தால் போன் மேல் போன். புது ரிப்போர்ட் எதுவும் தேடலில் வரவில்லையாம். அடடா என்று இண்டெக்ஸை ஓடவிட்டார். முதலிலிருந்து படிக்கட்டுமா, இனி வருவதை மட்டும் படிக்கட்டுமா என்று மெஷின் கேட்டது. பட்டப்பகல். முதலிலிருந்து படிக்கவிட்டால் ஆபீஸ் முழுக்க நின்று போகும். இனி வருவது மட்டும் போதும், மற்றதை ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று தட்டிவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை இன்னும் வரவில்லை. மகளுக்கு என்ன வயதோ அதே வயது இந்தத் தப்புக்கும்.

ஆறு வருடமாக ஒருவருமா கவனிக்கவில்லை? கவனிக்க முடியாது. காரணம் அந்தக் கம்பெனியின் பழக்கம். வேலை முடிந்த புகாரை மூடிவிடுவார்கள், மூடியது மெக்கானிக்குகளின் தேடலில் வராது. அதனால் தேடிப் பார்த்து இல்லை என்று வந்தால், யாரோ சரிசெய்துவிட்டார்கள் என்று பொருள். மற்ற இடங்களில் இல்லை என்றால் சண்டைக்கு வருவார்கள். இங்கே இல்லை என்றால் நல்ல சேதி. மேற்பார்வையாளரும் வாராவாரம் 'விரிசல்', 'கசிவு', 'தேய்மானம்' என்று போட்டுத் தேடித்தான் வேலைப் பட்டியல் தயாரிப்பார். ரேடியோவின் விரிசல் ஒரு வாரம்கூட அந்தப் பட்டியலில் ஏறியிருக்காது.

அவருக்குத் திடீரென்று ஒரு சந்தேகம் தட்டியது. யார், எப்போது, எதைத் தேடினார்கள், எத்தனை கிடைத்தது என்று மெஷின் ஒரு குறிப்பு எழுதி வைக்கும். அதில் முதியோர் இல்லத்தின் பெயரைப் போட்டார்.

பதினோரு மாதத்துக்கு முன்னால், ரேடியோவுக்கு அந்தக் கட்டடத்தைத் திரும்பக் கொடுத்த முதல் நாள். காலை ஒன்பது பன்னிரண்டு. தேடியவர், ரேடியோ. தேடியது, நாலாவது மாடி பிராக்கெட். கிடைத்தது, பூஜ்யம்.

டேட்டாபேஸ்காரர் கையைக் கீபோர்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவன் மறக்கவில்லை. ஐந்து வருடம் கழித்துத் திரும்பி வந்தவன், முதல் வேலையாக அந்த விரிசல் என்ன ஆயிற்று என்று கேட்டிருக்கிறான். இல்லை என்று பதில் வந்திருக்கிறது. சரி, மாற்றிவிட்டார்கள் என்று நம்பிப் போயிருக்கிறான். அவனிடம் இல்லை என்று சொன்னது யார்? அந்தப் பெரியம்மாவின் மணிக்கட்டை நினைத்தபோது அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. இவ்வளவு வெட்கம் அவர் எதற்கும் பட்டதில்லை.

முதலிலிருந்து படி என்று ஒரு கட்டளை. அடித்தால் அரை மணிக்குள் ஓட்டை அடைந்துவிடும். பழுதைக் கண்டால் சரிசெய்யாமல் டீ குடிக்கக்கூடப் போகாத மனிதர் அவர். கட்டளையை எழுதியும்விட்டார். ஆனால் விரல் இறங்கவில்லை.

இப்போது அடைத்தால், இல்லை என்று அவர் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட் மூன்றே நாளில் முளைத்து வந்து நிற்கும். அதுவும் யாருடையது? மனைவியின் தம்பியுடையது. டேட்டாபேஸில் கை வைத்து, தேதியைக்கூட மாற்றக்கூடிய ஒரே ஆள் யார்? அவர்தான். காகிதப் புத்தகங்களை அப்போதே கூழாக்கிவிட்டார்கள். காப்புப் பிரதிகளை முப்பது நாளுக்குமேல் வைப்பதில்லை. அந்த வரி பழையது என்பதற்கு உலகத்தில் ஒரே ஒரு சாட்சிதான் உண்டு. அது இண்டெக்ஸில் இல்லை என்பதே அந்தச் சாட்சி. இந்த ஆறு வருடத்தில் உள்ளே வந்த ஒவ்வொரு வரியும் கண் சிமிட்டும் நேரத்தில் பட்டியலில் ஏறியிருக்கிறது. ஏறாத வரி அந்தப் பத்து நாளில் மாட்டியதாகத்தான் இருக்க முடியும். ஓட்டையை அடைத்தால் அவர் தப்பு மறையும், ரேடியோவின் உண்மையும் கூடவே மறைந்துவிடும்.

வியாழக்கிழமைவரை விட்டுவைக்கவும் முடியாது. அந்த நாற்பத்தோராயிரத்தில் இன்னும் எத்தனை விரிசலோ? இந்த நிமிடமும் யாராவது அதில் ஏறி இறங்கிக்கொண்டிருப்பார்கள். எழுந்து மேனேஜர் அறைக்குப் போனார்.

மேனேஜர் கெட்டவர் அல்ல. பயந்தவர். முழுவதையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அடைச்சிடுங்க. மறுபடி தேடினேன், கெடச்சிடுச்சுன்னு சொல்லுவோம். ஆறு வருஷக் கதைய எதுக்கு இழுக்கணும்?"

"அடைச்சா, மச்சினனுக்காக நானே எழுதி நுழைச்சேன்னு சொல்வாங்க சார்."

"சொன்னா சொல்லிட்டுப் போறாங்க."

"அவன் லைசென்ஸ் போயிடும்."

"அடைக்காம காட்டினா உங்க வேலை போயிடும், தெரியுமா?"

"தெரியும் சார். அந்த விசாரணை அம்மாவை இன்னைக்கே வரச் சொல்லுங்க."

மேனேஜர் போனை எடுத்தார்.

ஆய்வாளர் இரண்டு மணிக்கு வந்தார். பாதுகாப்புத் துறை இன்ஜினியர். ஐம்பது வயதிருக்கும். முதுகில் பை, காலில் புழுதி படிந்த ஷூ. காலையிலிருந்து ஏதோ கட்டட உச்சியில் நின்றவர் மாதிரி முகம் கறுத்திருந்தது. ரேடியோவையும் வரச் சொல்லியிருந்தார்கள். இஸ்திரி போட்ட சட்டையில் வந்தான். "என்ன மாமா, உங்க ரூம்ல ஐஸ் கட்டியே வெட்டி எடுக்கலாம் போலிருக்கே" என்று அங்கேயும் ஆரம்பித்தான். ஆய்வாளர் ஒரு பார்வை பார்த்ததும் அடங்கினான்.

டேட்டாபேஸ்காரர் ஒளிக்காமல் காட்டினார். தேடலில் பூஜ்யம். நேரடியாகப் படித்தால் அதோ வரி. ஆய்வாளர் திரையை உற்றுப் பார்த்தார்.

"இவர் உங்களுக்கு என்ன வேணும்?"

"மச்சினன், மேடம்."

"அப்ப இந்த வரிய நீங்களே எழுதியிருக்கலாமே?"

"இப்ப ஒரு ரிப்போர்ட் எழுதுங்க மேடம். எதை வேணா."

ஆய்வாளர் எழுதினார். 'இந்த அறையில் குளிர் அதிகம்.' உடனே 'குளிர்' என்று தேடினார். வந்துவிட்டது.

"இன்னைக்கு எதை நுழைச்சாலும் இப்படி வந்துடும். பழசு மட்டும்தான் வராது."

"இண்டெக்ஸ ஒரு நிமிஷம் நிறுத்தி, வரியப் போட்டுட்டு, திரும்ப ஓடவிட்டா?" இந்த அம்மா சும்மா வந்தவர் இல்லை.

"ஒரு வரிய அப்படிப் போடலாம் மேடம். நாற்பத்தோராயிரத்தை என்னால கற்பனை பண்ணி எழுத முடியாது. எதையாவது நீங்களே எடுத்து, எழுதினவங்களக் கேட்டுப் பாருங்க."

ஆய்வாளர் கண்ணை மூடிக்கொண்டு மூன்று எண்கள் சொன்னார். மூன்று ரிப்போர்ட்டும் வந்தன, மூன்றும் தேடலில் இல்லாதவை. எழுதிய மெக்கானிக்குகளுக்குப் போன் போட்டார். ஒருவருக்கு ஒன்றும் நினைவில்லை. இன்னொருவர் இழுத்து இழுத்து, இருக்கலாம் என்றார். மூன்றாவது ஆள் போனிலேயே சத்தம் போட்டார். "லிஃப்ட் குழிக்குள்ள பூனையா? நான்தான் மேடம் எழுதினேன்! தூக்கப் போனவனக் கடிச்சு வெச்சிடுச்சு, ஊசி போட்டுக்கிட்டேன்." ரிப்போர்ட்டில் பூனை இருந்தது. கடியும் இருந்தது.

ஆய்வாளர் நோட்டைத் திறந்தார். "சரி. இத நிறுத்தி வெச்சுட்டு மறந்தது யாரு?"

"நான்."

எழுதிக்கொண்டார். பிறகு நாற்காலியை ரேடியோ பக்கம் திருப்பினார்.

"நீங்க எழுதுனீங்க. ஒத்துக்கிறேன். ஆனா பதினோரு மாசமா அந்த லிஃப்ட் திரும்பவும் உங்ககிட்ட இருக்கு. விரிசல் இருக்குன்னு தெரிஞ்ச ஆளு, மூடியக் கழட்டி ஒரு தடவை பாத்திருக்க வேண்டாமா? ஏன் பாக்கல?"

ரேடியோ வாயைத் திறந்தான். மாமாவைப் பார்த்தான். மூடிக்கொண்டான்.

"சொல்லுங்க."

"விட்டுப் போச்சு மேடம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவன் வாயிலிருந்து இவ்வளவு சின்னப் பதில் வந்து டேட்டாபேஸ்காரர் கேட்டதே இல்லை. பூஜ்யம் எங்கிருந்து வந்தது என்பது அவனுக்கு இந்த அறையில் உட்கார்ந்திருக்கும்போதே விளங்கிவிட்டது என்று அவருக்குப் புரிந்தது. பேசினால் முறிந்த கையின் பழி அக்கா புருஷன் தலையில் விழும். அதனால் தன் தலையில் போட்டுக்கொள்கிறான். அந்த ஒரு பதிலுக்கே லைசென்ஸ் போய்விடும் என்பதும் அவனுக்குத் தெரியாமல் இல்லை.

தேடல் குறிப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அப்படி ஒன்று இருப்பதே அந்த அறையில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். ஆய்வாளர் பேனாவை எடுத்து எழுதப்போனார். இரண்டு மூச்சு விடும் நேரம் டேட்டாபேஸ்காரர் பேசாமல் இருந்தார். அந்த இரண்டு மூச்சை அவர் பின்னால் பலமுறை நினைத்து வருந்தியிருக்கிறார்.

"விட்டுப் போகல மேடம். அவன் கேட்டிருக்கான்."

"மாமா, சும்மா இருங்க" என்றான் ரேடியோ.

"நீ சும்மா இரு." குறிப்பைத் திரையில் திறந்தார். "முதல் நாள், காலைல ஒன்பது பன்னெண்டுக்குத் தேடியிருக்கான். இந்தக் கம்பெனில இல்லைன்னு வந்தா, வேலை முடிஞ்சிடுச்சுன்னு அர்த்தம். அத நம்பிப் போயிருக்கான். இல்லைன்னு சொன்னது என் இண்டெக்ஸ். அதை ஒழுங்கா முடிக்காம விட்டது நான். அந்த அம்மா கை உடஞ்சதுக்கு இவன் காரணம் இல்ல. நான்தான்."

மேனேஜர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆய்வாளர் ஒரு பக்கம் முழுக்க எழுதி, பக்கத்தைத் திருப்பி இன்னும் கொஞ்சம் எழுதினார்.

"உங்களப் பத்தியும் நான் எழுதியாகணும்."

"எழுதுங்க மேடம்."

"வேலையில இருப்பீங்களான்னு என்னால சொல்ல முடியாது."

"சரி மேடம்."

"இப்ப அடைங்க."

காலையிலேயே எழுதி வைத்த கட்டளை. அடித்தார். இருபத்து நான்கு நிமிடம் ஓடியது. ஒருவரும் எழுந்து போகவில்லை. ஓடி முடிந்ததும் மேற்பார்வையாளரைக் கூப்பிட்டு, அவர் வழக்கமாகப் போடும் சொற்களைப் போட்டுத் தேடச் சொன்னார்கள். மூடாத புகார்கள் அறுபத்து மூன்று வந்தன. அதில் ஆபத்தானவை என்று ஆய்வாளர் பத்தொன்பதைப் பிரித்தார். பத்தொன்பது கட்டடம்.

"எத்தனை மெக்கானிக் இருக்காங்களோ அத்தனை பேரும் இப்பவே கிளம்பட்டும்" என்றவர், ரேடியோவைக் காட்டினார். "இவரும். நிறுத்தி வெச்சது இன்னையோட முடிஞ்சுது, பேப்பர் பின்னாடி வரும்."

ரேடியோ கிளம்பினான். போகும்போது மாமாவின் தோளில் ஒரு கையை வைத்துவிட்டுப் போனான்.

டேட்டாபேஸ்காரர் போன் பக்கத்திலேயே உட்கார்ந்து, யார் எங்கே போயிருக்கிறார்கள் என்று பட்டியலில் குறித்துக்கொண்டிருந்தார். ஒன்றில் பழுதை எப்போதோ யாரோ சரிசெய்திருந்தார்கள். இன்னொன்றில் அந்த லிஃப்டையே எடுத்துவிட்டுப் புதிது போட்டிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் அவர் மூச்சு விட்டார். ஐந்து மணிக்கு ரேடியோ கூப்பிட்டான். பின்னால் படிக்கட்டில் பிள்ளைகள் ஓடும் சத்தமும், யாரோ ஒரு பெண் ஏழு மாடி, ஏழு மாடி என்று கத்துவதும் கேட்டன.

"மாமா, கழட்டிப் பாத்துட்டேன். இருக்கு."

"எவ்வளவு?"

"விரல் நுழையுது. லிஃப்ட நிறுத்திட்டேன். ஸ்கூல் விட்டு வர்ற நேரம், அதான் எல்லாரும் திட்டுறாங்க. அந்தம்மாவுக்கு ரெண்டு பசங்க, ரெண்டு பையி, கையில காய்கறி வேற. இத்தன வருஷமா இதுலதான் மாமா ஏறி எறங்கியிருக்காங்க."

டேட்டாபேஸ்காரருக்கு அழுகை வந்தது. ஸ்வெட்டர் கையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். அந்தப் பெண் திட்டுவதை நிறுத்தவில்லை. இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, திட்டிக்கொண்டே அவள் படியேறிப் போவது, போன் வழியாக ஒவ்வொரு மாடியாகக் கேட்டது. ஏழாவது மாடியில் ஒரு கதவு திறந்து மூடும்வரை அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மாமா? இருக்கீங்களா? அடுத்தது எங்க?"

அவர் பட்டியலைப் பார்த்து அடுத்த கட்டடத்தின் முகவரியைப் படித்தார்.